பெயரை மூடிவிட்டுப் படித்தால்

பிரிக்பீல்ட்ஸ், 3 மார்ச் 2025, திங்கள்

மலேசிய அரசியல் தலைவர்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி எழுதினால் அது புகழ்மாலையாகவோ வசையாகவோதான் முடியும். செயலுக்கொரு வரி போடுவதே மேல்: தேதி, செய்தது, அப்போதைய பதவி, அதனால் அவருக்கு வந்த லாபம் அல்லது நட்டம். பெயர் கடைசியில்; செயலை எடைபோடும்வரை அதை மூடி வைக்க வேண்டும்.

ம.இ.கா. தலைவராக இருந்த சாமிவேலு கணக்கில் பலரும் சறுக்குவது கழித்தலில்தான். 1982இல் இந்தியர்களின் சேமிப்பைத் திரட்டிய மைக்கா முதலீட்டு நிறுவனம், 2001இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். மைக்காவில் சேமிப்பைப் போட்ட தோட்டப் பாட்டாளி வேறு, ஏய்ம்ஸ்டில் டாக்டருக்குப் படித்த பிள்ளை வேறு. ஒருவரின் நட்டத்தை இன்னொருவரின் லாபத்தால் நேர் செய்ய முடியாது. இரண்டு வரியும் அப்படியே நிற்கட்டும்.

5 மார்ச், புதன்

விசாரணையின்றித் தடுத்து வைக்கும் இசா சட்டம். 1974இல், பின்னாளில் பிரதமரான அன்வார் அதில் கைதானார்; 1987இல் ஒப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டபோது அவர் கல்வி அமைச்சர்; 1998இல் மறுபடியும் அதே சட்டத்தில் உள்ளே. பிரதமர் நஜிப் 2012இல் இசாவை நீக்கினார், 28 நாள் தடுத்து வைக்கும் சொஸ்மாவைக் கொண்டுவந்ததும் அவர் அரசுதான். 2019 அக்டோபரில் புலிகள் தொடர்பு என்று 12 பேர் சொஸ்மாவில் பிடிபட்டபோது ஆண்டவை, அதை முன்பு எதிர்த்த கட்சிகள்.

மனம் மாறுவது குற்றமில்லை. மாறியதால் பதவி வந்ததா, போனதா? வரியின் நான்காம் கட்டமான லாப நட்டம் அதற்குத்தான்.

8 மார்ச், சனி

பெயரை மூடிப் படிப்பது நமக்கான சோதனை, தலைவர்களுக்கல்ல. 2008 செப்டம்பர் 16இல் கட்சித் தாவலால் ஆட்சி மாறும் என்று அன்வார் சொன்னபோது கைதட்டியவர்கள், 2009 பிப்ரவரியில் பேராக் மாநிலத்தில் அன்வார் கூட்டணியின் மூவர் விலகி அதன் ஆட்சி கவிழ்ந்தபோது என்ன சொன்னார்கள்? எதிரணியான பாரிசான்காரர்களுக்கு இதே கேள்வி தலைகீழாக. "சூழல் வேறு" என்பது சில சமயம் உண்மைதான்; ஆனால் அந்த வித்தியாசத்தைப் பெயரைத் திறக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். திறந்த பிறகு தோன்றுகிற காரணம் பெரும்பாலும் சாக்கு.

கட்சித் தாவலைத் தடுக்கும் 2022 சட்டமும் எல்லாத் தாவலையும் பிடிக்காது. தானாக விலகினால் தொகுதி போகும். கட்சி நீக்கினால் போகாது, கட்சியே அணி மாறினாலும் போகாது.

9 மார்ச், ஞாயிறு

"அவர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்" என்று எழுதும் முன், நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்டைப் பார்க்கவும். நாடாளுமன்ற இணையத்தளத்தில் தேதிவாரியாக இருக்கிறது, பெரும்பகுதி மலாயில். பல மசோதாக்கள் குரல் வாக்கிலேயே நிறைவேறுவதால் அங்கே பெயர் இருக்காது. 15 உறுப்பினர்கள் எழுந்து கேட்டால்தான் பெலா பஹாகி எனும் எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு நடக்கும், பெயர் பதிவாகும். அது நடக்காத நாளில் அவர் பேசியதை மட்டும் எழுதலாம்.