முழங்கால் வலிக்குக் காரணம் சீட்தான்

வேலைக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. கார் வீட்டில்தான் நிற்கிறது, விற்கவில்லை. காரில் போனபோது "20 நிமிடம்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அது ரோடு காலியாக இருக்கிற நாளின் கணக்கு. ஒரு வாரம் வீட்டுக் கதவைப் பூட்டுகிற நேரத்தையும் ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிற நேரத்தையும் குறித்து வைத்துப் பார்த்தேன். சிக்னல், நெரிசல், நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று, அங்கிருந்து நடை, எல்லாம் சேர்ந்து ஒரு நாள் 35 நிமிடம், ஒரு நாள் 50 நிமிடம். சைக்கிளுக்குப் பெரிய ரோட்டை விட்டுவிட்டு உள்தெருக்கள் வழியாக ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போகிறேன், மொத்தம் 8 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதித்தால் 32 நிமிடம். ரோட்டில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று கிளம்பும்போதே தெரிகிறது பாருங்கள், அந்த நிம்மதி காரில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஆனால் முதல் இரண்டு வாரத்தில் இதை விட்டுவிட இருந்தேன். முழங்காலில் முன்பக்கம் அப்படி ஒரு வலி, படி ஏறினால் சுருக்கென்று குத்தும். என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஆபீசில் நெடுநாளாகச் சைக்கிளில் வருகிற ஒருவர் நான் வந்து நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, "சீட்டை ஏத்துங்க, இவ்வளவு கீழ வெச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்" என்றார். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நான் வைத்திருந்த உயரம் அது. அப்படி இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், மடங்கிய நிலையிலேயே முழு பலத்தையும் தாங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார், குதிகாலைப் பெடல் மேல் வைத்துக் கீழே அழுத்தச் சொன்னார். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டுமாம். அந்த அளவில் வைத்துவிட்டு, மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் லேசான மடக்கு மிஞ்சும், அதுதான் சரியான அளவு. மூன்று விரல் உயரம் ஏற்றினோம். நிற்க வேண்டிய இடத்தில் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டேன். ஒரு வாரத்தில் வலி போய்விட்டது.

அதிலிருந்து யாராவது "எனக்குத் தெம்பில்லை" என்று சொன்னால் முதலில் அவர்கள் வண்டியைத்தான் பார்க்கிறேன். தெம்பு போகப்போக வந்துவிடும், வண்டி கோணலாக இருந்தால் எவ்வளவு தெம்பு இருந்தும் பலனில்லை. டயரில் காற்று குறைந்தால் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி போகும். பஞ்சரே ஆகாவிட்டாலும் ட்யூப் ரப்பர் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டுதான் இருக்கும், அதனால் வாரம் ஒரு தடவை பம்ப் அடித்துவிட வேண்டும். எவ்வளவு அடிக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அப்புறம் கியர். கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் கால் சுழன்றுகொண்டே இருக்கிற மாதிரி போனால் முழங்காலுக்கு நல்லது.

வியர்வையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பாதி வியர்வை முதுகுப் பையால் வருவது. பையைக் கேரியருக்கு மாற்றிய அன்றே சட்டை முதுகில் ஒட்டுவது நின்றது. மீதி, நாம் நிறுத்தியதும் வருகிறது, ஓட்டும்போது காற்று ஆற்றிவிடுகிறது, நின்றதும் ஆற்ற ஆளில்லை. கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் உடம்பு தணிந்துதான் உள்ளே நுழைவீர்கள்.

பயம் நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிற்கிற கார்களை ஒட்டிப் போகாதீர்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது, ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள். லாரியோ பஸ்ஸோ திரும்பப் போகிறது என்றால் அது திரும்புகிற பக்கத்தில் நுழையவே கூடாது, அங்கே நீங்கள் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்க நேரமாகும், ரோட்டில் அடித்த பெயின்ட் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். புது வழியை விடுமுறை நாளில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

உடம்புக்கு என்ன லாபம்? பிரிட்டனில் 2,63,450 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. காரிலோ பஸ்ஸிலோ வேலைக்குப் போகிறவர்களைவிடச் சைக்கிளில் போகிறவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் மட்டும்தான் காரணம் என்று அந்த வகை ஆய்வை வைத்து நிரூபிக்க முடியாது, இருந்தாலும் சின்ன வித்தியாசம் இல்லை அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. வாரம் மூன்று நாள் போய் வந்தாலே எனக்கு 192 நிமிடம் ஆகிவிடுகிறது, அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை.

பெரிய மழை, தூக்க முடியாத சாமான், உடம்பு சரியில்லை என்றால் காரை எடுக்கிறேன். தினமும் போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

போன வாரம் எங்கள் பிரிவில் ஒருவர், வீட்டில் பல வருடமாகச் சும்மா நிற்கிற சைக்கிள் ஒன்று இருக்கிறது, ஓட்ட முடியுமா என்று கேட்டார். இரண்டு டயரும் தரையோடு ஒட்டிக் கிடக்கிறதாம், செயின் துரு. புது ட்யூப் இரண்டு, செயின் எண்ணெய், ஒரு ஸ்பேனர் எல்லாம் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவர் என்னைவிட நல்ல உயரம், சீட் கம்பி போதுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.