தார் வீதிக்கு அப்பால் திருகோணமலை

ஆடி மாதக் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் மணற்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது இரட்டை வேலை என்று அண்ணை சொல்லியிருந்ததால், உப்புவெளியிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கே வெளிக்கிட்டோம். இரவு ஈரம் காயும்வரை மணல் சற்று இறுகி நிற்கும். எட்டு மணிக்குப் பிறகு அது மாவாக உதிரத் தொடங்கிவிடும். திருகோணமலை நகரில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கும் அண்ணை, கரடுமுரடான பாதைகளில் ஓடும் ட்ரெயில் பைக்குகளைத் திருத்துவதிலும் ஓட்டுவதிலும் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். தார் வீதியில் பத்து வருடங்கள் ஓட்டிய எனக்கு, வீதி இல்லாத இடத்தில் எப்படி ஓட்டுவது என்பதை இரண்டு நாட்களில் காட்டித்தர அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

எனக்குக் கிடைத்த வண்டி பழைய யமஹா செரோ. 223 சிசி என்ஜின் கொண்ட இதற்கு, மலைச்சரிவுகளில் ஏறித் திரியும் ஆட்டை ஒத்த விலங்கொன்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி பல ஆண்டுகள் திறக்கப்படாமல் இருந்ததால், இப்படியான பழைய ஜப்பானிய வண்டிகளைப் பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டி உயிரோடு வைத்திருப்பது இங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. முன்சில்லு 21 அங்குலம், பின்சில்லு 18 அங்குலம். பெரிய முன்சில்லு பள்ளத்துக்குள் விழுந்துவிடாமல் அதன் விளிம்பில் ஏறிக் கடந்துவிடும் என்று அண்ணை விளக்கினார். போட்டிக்கென்றே செய்யப்படும் மோட்டோகிராஸ் வண்டிகளில் சில்லு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் வரை மேலும் கீழும் அசைய இடமிருக்கும். செரோவுக்கு அவ்வளவு இல்லை, ஆனால் படிக்க வந்தவனுக்கு அது போதும்.

இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டி, குச்சவெளிப் பக்கமாகச் சிறிது தூரம் போனதும், பனைகளுக்கு நடுவே கடலை நோக்கிப் பிரியும் வண்டில் பாதையொன்றில் திரும்பினோம். கரைவலை இழுப்பவர்கள் தங்கும் கொட்டிலான வாடிக்குப் போகும் பாதை அது. திரும்பிய இடத்திலேயே இறங்கி, இரண்டு டயர்களிலும் காற்றை 14 இறாத்தலுக்குக் குறைத்தோம். காற்றுக் குறைந்த டயர் தட்டையாகப் பரந்து மணலின் மேல் மிதக்கும்; ஆனால் அதே டயர் கல்லில் மோதினால் டியூப், விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசிந்து கிழிந்துவிடும். எனவே மணலுக்கு ஒரு காற்று, கல்லுக்கு ஒரு காற்று என்பதுதான் அன்று நான் படித்த முதற்பாடம்.

இரண்டாவது பாடத்தை விழுந்து படித்தேன். மணலில் நுழைந்ததும் முன்சில்லு இடமும் வலமும் அலைந்தது. நான் பயந்து எக்ஸிலேட்டரை மூடினேன். மூடியவுடன் பாரம் முழுவதும் முன்னுக்கு வந்து, சில்லு கலப்பைபோல மணலை உழுது நின்றுவிட, நான் ஹேண்டிலின் மேலால் இடது தோளில் விழுந்தேன். அண்ணை வண்டியை நிமிர்த்திவிட்டு அமைதியாகச் சொன்னார்: “தம்பி, சில்லைப் பார்க்காதேங்கோ. அங்க, அந்த வடலியைப் பாருங்கோ. கண் போற இடத்துக்கு வண்டி வரும். அது ஆடினால் ஆட விடுங்கோ.” பாதந்தாங்கியில் எழுந்து நின்று, முழங்கால்களால் டாங்கியை இலேசாகப் பிடித்து, இடுப்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, எக்ஸிலேட்டரைத் திறந்தே வைத்திருந்தபோது, அதே மணலில் அதே வண்டி நேராகப் போனது. நின்று ஓட்டும்போது என் உடலின் பாரம் இருக்கையிலிருந்து பாதந்தாங்கிக்கு இறங்கிவிடுகிறது. வண்டி கீழே எவ்வளவு ஆடினாலும் முழங்கால்கள் அந்த ஆட்டத்தை விழுங்கிவிடுகின்றன. வாடிக்கும் வீதிக்கும் இடையில் ஏழு தடவை போய்வந்த பிறகுதான் அது என் உடம்புக்குப் பிடிபட்டது.

வாடியில் கிடைத்த வெறும் தேநீரைக் குடித்தபடி இருந்தபோது, இந்த மணலையே ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு நீட்டினால் அதுதான் டக்கார் என்ற நெடுந்தூர ஓட்டம் என்றார் அண்ணை. 1978 டிசம்பர் 26 அன்று பரிஸிலிருந்து புறப்பட்டு 1979 ஜனவரியில் செனகலின் டக்கார் நகரில் முடிந்த முதலாவது ஓட்டத்தில், பிரான்ஸைச் சேர்ந்த சிரில் நெவூ யமஹா எக்ஸ்டி 500 வண்டியில் வென்றார். பின்னர் தென்னமெரிக்காவுக்குப் போன அந்த ஓட்டம் 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. ராலி ரெய்ட் எனப்படும் இந்த வகையில் வேகத்துக்கு இணையாகத் திசையறிவும் வேண்டும். வழிக்குறிப்புகளை வாசித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் 2015இல் இந்த ஓட்டத்தை முடித்த முதல் இந்தியரானபோது, தெற்காசியாவிலிருந்து இதற்குப் போக முடியுமா என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது.

நம் நாட்டில் வீதிக்கு வெளியே மோட்டார் சைக்கிள் ஓட்டும் விளையாட்டைப் பெரும்பாலானோர் தியத்தலாவையிலும் அநுராதபுரம் சாலியபுரத்திலும் நடக்கும் சூப்பர்கிராஸ் போட்டிகள் வழியாகவே அறிவார்கள். உண்மையில் அங்கே நடப்பது மோட்டோகிராஸுக்கு நெருக்கமானது: இயற்கை மண்ணில் வெட்டிய சுற்றுப்பாதை, எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுதல். 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த ‘ஸ்கிராம்பிள்’ ஓட்டத்திலிருந்து அது வளர்ந்தது. சூப்பர்கிராஸ் என்பது அதை விளையாட்டரங்குக்குள் கொண்டுவந்து, மண்மேடுகளைச் செயற்கையாகக் கட்டியபோது பிறந்தது. 1972இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியத்தில் நடந்த போட்டியைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். பார்ப்பதற்கு அவை அழகானவைதான், ஆனால் என் மனம் அந்தப் பக்கம் போகவில்லை.

என் மனம் போனது எண்டியூரோ பக்கம். காடு, மேடு, ஓடை என்று நாள் முழுவதும் ஓடும் இதில், குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தை அடைய வேண்டும். பிந்தினால் மட்டுமன்றி முந்தினாலும் தண்டம் உண்டு. 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் ஆறு நாள் சோதனை ஓட்டமாகத் தொடங்கி, 1981இல் ‘சர்வதேச ஆறு நாள் எண்டியூரோ’ என்று பெயர் மாறிய போட்டியில், டயர் மாற்றுவதைக்கூட ஓட்டுநரே தன் கையால் செய்ய வேண்டும். வண்டியை அறியாதவன் இதில் ஓட முடியாது என்பதே எனக்கு இதில் பிடித்த விடயம்.

மறுநாள் டயர்களில் காற்றைக் கூட்டிக்கொண்டு கன்னியாவைத் தாண்டிப் பெரியகுளம் பக்கம் போனோம். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று அழைக்கப்பட்டு, தமிழ்க் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் வெல்கம் விகாரை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வழியில் வற்றிக் கிடந்த ஓடையொன்றில், பூசணிக்காய் அளவிலிருந்து அம்மிக்கல் அளவு வரையான கற்கள் பரவிக் கிடந்தன. அண்ணை இரண்டு சுள்ளிகளை நட்டு, இருபது அடிக்கு ஒரு பகுதியைக் குறித்தார். கால் நிலத்தில் படாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் மூன்று, விழுந்தால் ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். இதுதான் ட்ரையல்ஸ். இதற்கென்று செய்யப்படும் வண்டிகளில் உட்கார இருக்கையே இருக்காது. ஸ்பெயினின் டோனி பௌ, 2007 முதல் 2024 வரை வெளியரங்கு, உள்ளரங்கு என இரண்டு உலகப் பட்டங்களையும் ஒவ்வோர் ஆண்டும் தன்னிடமே வைத்திருந்தார்.

முதல் இரண்டு முயற்சிகளிலும் எனக்கு ஐந்து. மூன்றாவது தடவை அண்ணை என்னை வண்டியிலிருந்து இறக்கி, ஓடையை நடந்து பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கல்லையும் காலால் அசைத்துப் பார்த்தேன். புதைந்து நிற்கும் கல் எது, உருளும் கல் எது என்று மனதில் குறித்துக்கொண்டேன். கிளட்சை இரண்டு விரல்களால் பாதி பிடித்தபடி நடையின் வேகத்துக்கு ஓட்டினேன். இரண்டு இடத்தில் கால் ஊன்றியது.

காட்டின் ஓரம் நிழல் விரித்துக் கிடந்தாலும், தடம் விழுந்த பாதையை விட்டு அண்ணை ஓரடிகூட விலகவில்லை. என்னையும் விலக விடவில்லை. போர் நடந்த மண்ணில், ஆளோ மாடோ வண்டிலோ போன தடத்தில் மட்டுமே சில்லை வைப்பது என்பது அவர் இளமையிலிருந்து கைக்கொள்ளும் ஒழுங்கு. முதல் நாளும் அப்படித்தான். ஆமைகள் முட்டையிடும் கரை என்பதால் வாடியைத் தாண்டிக் கடற்கரைக்கு வண்டியை இறக்க அவர் சம்மதிக்கவில்லை. யானைகள் குளத்துக்கு இறங்கும் நேரத்துக்கு முன்பே, மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிட்டோம்.

கராஜில் முதல் வேலையாகக் காற்று வடிகட்டியின் பஞ்சைக் கழற்றினோம். மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்தபோது சட்டியின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு மணல் படிந்தது. அதில் பாதி வெள்ளை, பாதி இல்மனைட் என்ற கனிமத்தின் கருமை. இவ்வளவும் என்ஜினுக்குள் போயிருக்க வேண்டியவை என்று சொல்லி, அண்ணை பஞ்சுக்குப் புதிய எண்ணெய் தடவி என் கையில் தந்து, பூட்டச் சொன்னார்.