மொட்டைமாடி லைனில் பழைய கேட் வால்வை மாற்றுவது

தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் உள்ள பித்தளை கேட் வால்வை (சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே கேட் என்ற தகடு இறங்கி அடைக்கும் வகை) முழுக்க அடைத்தும் தண்ணீர் வருகிறதா? சக்கரத்தில் ரென்ச் மாட்டி இறுக்காதீர்கள். போர் தண்ணீரின் உப்பு, கேட் உட்காரும் பள்ளத்தில் கல்லாகப் படிந்திருக்கும். கேட் அடிவரை இறங்காது. மேலும் திருகினால் ஸ்பிண்டில் (சக்கரத்தையும் கேட்டையும் இணைக்கும் தண்டு) முறியும், இல்லையென்றால் கேட் கழன்று உள்ளேயே சிக்கும். அப்புறம் சக்கரம் சும்மா சுற்றும், தண்ணீரைத் திறக்கவும் முடியாது. ஸ்பிண்டில் ஓரமாக மட்டும் கசிவு என்றால் வால்வை மாற்ற வேண்டியதில்லை. ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

மாற்றுவதென்றால் பால் வால்வு (துளையிட்ட பந்து கால் வட்டம் திரும்பித் திறந்து மூடும் வகை) போடுங்கள், அதிலும் ஃபுல் போர், அதாவது பந்தின் துளை பைப் அளவே இருப்பது. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கே அழுத்தம் ஏறத்தாழ 1 பார்தான். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் ஷவருக்குக் கிடைப்பது 0.3 பார். பந்தின் துளை பைப்பைவிடச் சிறிதாக இருந்தால் அந்தக் கொஞ்சமும் அங்கே குறையும். கடையிலேயே கைப்பிடியைத் திறந்து துளையைப் பாருங்கள்.

1 இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனுக்கு வால்வு ஒன்று, யூனியன் (நட்டைக் கழற்றி லைனைப் பிரிக்க உதவும் இணைப்பு) ஒன்று, நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குட்டைப் பைப்) இரண்டு, டெஃப்லான் டேப் இரண்டு சுருள் போதும். யூனியனை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். மரை போட்ட லைனில் ஒரு பக்கம் கழலச் சுற்றினால் மறுபக்கம் இறுகும். யூனியன் இல்லாத பழைய லைனில் வால்வை ஒட்டி ஹாக்ஸாவால் அறுக்க வேண்டிவருவது இதனால்தான். அறுத்த துண்டுகளை அடுத்த எல்போ (வளைவு இணைப்பு) வரை கழற்றிவிட்டு இடைவெளியை அளங்கள். ஒவ்வொரு மரையும் சுமார் 15 மி.மீ. உள்ளே போகும், அதையும் சேர்த்துத்தான் நிப்பிள் நீளம் வாங்க வேண்டும்.

அறுப்பதற்கு முன் மோட்டாரை நிறுத்தி, தொட்டித் தண்ணீர் அவுட்லெட்டுக்குக் கீழே இறங்கும்வரை கீழ்க் குழாயைத் திறந்துவிடுங்கள்.

கழற்றும்போது கட்டாயம் இரண்டு பைப் ரென்ச் வேண்டும்: ஒன்று சுற்ற, ஒன்று எல்போவையோ பைப்பையோ அசையாமல் பிடிக்க. ஒற்றை ரென்சால் இழுத்தால் முறுக்கு முழுவதும் தொட்டியின் நிப்பிளுக்குப் போகும். பிளாஸ்டிக் தொட்டியில் அந்த இடத்து வாஷர் நகர்ந்து கசியும், சுவரே கீறவும் கூடும். வால்வு வேலை தொட்டி வேலையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பழைய மரையைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, மரையின் வாய் உங்களைப் பார்க்க வைத்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பை 8 முதல் 10 சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இறுக்கிய பிறகு கைப்பிடி நேராக வரவில்லையே என்று பின்னோக்கித் திருப்பக் கூடாது. திருப்பினால் கசியும், கழற்றிப் புது டேப் சுற்றுவதே வழி. ரென்சை வால்வின் நடு உடம்பில் போடாமல், எந்தப் பக்க மரை ஏறுகிறதோ அந்தப் பக்க அறுகோண முனையில் போடுங்கள்.

யூனியன் வால்வுக்குக் கீழே வரட்டும். மேலே வைத்தால் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். யூனியன் நட்டின் மரைக்கு டேப் தேவையில்லை, அங்கே அடைப்பது உள்முகங்கள்தான். கைப்பிடி கால் வட்டம் போய்வரச் சுவர் இடிக்கிறதா என்று முடுக்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

தொட்டி நிரம்பியதும் வால்வை மெதுவாகத் திறந்து, கீழ்க் குழாய்கள் எல்லாவற்றையும் காற்று போகும்வரை ஓடவிடுங்கள். மூட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். மாதம் ஒருமுறை கைப்பிடியை மூடித் திறந்தால் பந்தில் உப்பு பிடிக்காது.