வறுமைக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு: நம் கரைப் பிள்ளைகளும் குறும்படங்களும்

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் நம் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே கடலின் போக்கு தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழும். அம்மா பாசிக்கு, அதாவது கடற்பாசி எடுக்க, போயிருப்பார். கைப்பிள்ளையை மூத்தவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கரைவலை இழுக்கும் நாளில் மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஆண்பிள்ளைகளில் பாதிப் பேரைக் காண முடியாது. கயிற்றைப் பிடித்துக் கொடுத்தால் கறிக்கு நாலு மீன் கிடைக்கும். காற்று பலத்து வள்ளம் இறங்காத நாளில் வகுப்பு நிறைந்திருக்கும். சாருக்கும் டீச்சருக்கும் இதெல்லாம் தெரியும். "நேத்து ஏன்டா வரல?" என்று அவர்கள் கேட்கும் தொனியிலேயே, பதில் தெரிந்துதான் கேட்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இப்போது அதே கரையைக் களமாக்கி, பிள்ளைகளின் வறுமையைக் காட்டும் குறும்படங்கள் நிறைய வருகின்றன. நம் முன்னாள் மாணவர் சங்கத்திடம் உதவி கேட்டு இளைஞர்கள் கதைச் சுருக்கம் அனுப்புகிறார்கள். பணம் கொடுக்கும் இடத்தில் இருக்கும் நாம் எதைப் பார்த்துக் கொடுப்பது, எந்த இடத்தில் கேள்வி கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

பெரும்பாலான படங்கள் வறுமையையும் புறக்கணிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. குடிகார அப்பா, அழுகிற அம்மா, கிழிந்த சட்டை, கடைசியில் கடலைப் பார்த்து நிற்கும் பிள்ளை. பதிவேட்டில் ஆப்சென்ட் விழுந்த அந்தப் பெண்பிள்ளையை வீட்டில் யாரும் கைவிடவில்லை. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே வரம்பு வைத்துக்கொண்டவர்கள்; அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அந்த 12 நாள் வருமானம்தான் மாதம் முழுவதற்கும். விடியுமுன் சோறு வடித்து மூடி வைத்துவிட்டுப் போகிற அம்மாவை "பிள்ளையைத் தவிக்க விட்டவள்" என்று காட்டுவது பொய்.

உண்மையைக் காட்ட வேண்டுமானால் அவர் கிளம்புவதைக் காட்டினாலே போதும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்த துணி நாடா, பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிச் சுற்று. இடது கையால் வலது கை விரல்களைச் சுற்றி முடிச்சுப் போடும்போது நாடாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நீந்துவதற்குக் காலில் கட்டும் அலுமினியத் தட்டு, நீர்க்கண்ணாடி, இடுப்பில் பை. இதை மூன்று நிமிடம் வெட்டாமல் எடுத்து, பக்கத்தில் பிள்ளை தூங்குவதையும் அதே சட்டகத்துக்குள் வைத்தால் அந்த வீட்டின் வறுமை, அன்பு இரண்டும் வசனமில்லாமலே தெரியும். சாயங்காலம் அந்த நாடாவை மகள் அவிழ்த்துவிடும்போது ஊறி வெளுத்த விரல் நுனிகளைக் கிட்டத்தில் காட்டலாம். இதற்கு மேல் பின்னணி இசையும் வேண்டியதில்லை.

புறக்கணிப்பைக் காட்டுவது இதைவிடக் கடினம். இங்கிலாந்தின் ஆண்ட்ரியா ஆர்னால்ட் 2003-இல் எடுத்த 'வாஸ்ப்' என்ற 26 நிமிடப் படம் சிறந்த குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. நான்கு பிள்ளைகளுக்குத் தாயான ஓர் இளம்பெண், பழைய நண்பனைச் சந்திக்கும் ஆசையில் பிள்ளைகளை மதுக்கடைக்கு வெளியே காக்க வைத்துவிட்டு உள்ளே போகிறாள். கைக்குழந்தையின் வாய்க்குள் குளவி நுழைகிறது. அவளைக் கெட்டவளாகக் காட்ட இயக்குநர் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. பிள்ளைகளிடம் பாசமும் இருக்கிறது, பசியும் இருக்கிறது, பார்க்காமல் விட்ட நேரமும் இருக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க முடிவதால்தான் அந்தப் படம் நெஞ்சை அறுக்கிறது.

நம் கரையில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. அதை யாரும் படமாக எடுப்பதில்லை. கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் மாடி வீடு, ஏசி, நல்ல துணிமணி எல்லாம் இருக்கும். வாப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வெள்ளிக்கிழமை வீடியோ கால், பெருநாளைக்குப் பெட்டி நிறையச் சாமான். பிள்ளை பள்ளியில் யாருடனும் பேசாமல் இருப்பது இரண்டு வருடமாக ஒருவருக்கும் தெரியாது. இந்த மலரைப் படிக்கிற நம்மில் பலர் அந்த வீட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்கள். சிலர் இப்போது அந்த வாப்பாக்கள். வறுமை இல்லாத புறக்கணிப்பு என்று ஒரு கதைச் சுருக்கம் வந்தால் அதை முதலில் எடுத்துப் படியுங்கள் என்பது என் வேண்டுகோள்.

பசிக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் மதிய நேரம், எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட, நாயகன் மட்டும் குழாயடியில் தண்ணீர் குடிக்கும் காட்சி ஏறக்குறைய எல்லாப் படத்திலும் வருகிறது. தமிழ்நாட்டில் 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இப்போது வாரத்தில் ஐந்து நாள் முட்டை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்பு வரை கிடைக்கிறது. ஆகவே பள்ளி நாளின் மதியத்தில் பசியைத் தேடுவது தப்பான இடத்தில் தேடுவது. பசி ராத்திரியில் இருக்கிறது. சனி, ஞாயிறில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோடை விடுமுறையில் இருக்கிறது. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகில் கூலிக்குப் போகிற அப்பாவின் வருமானம் நிற்பதும் பள்ளியின் சோறு நிற்பதும் ஒரே சமயத்தில். பாசி எடுக்கும் பெண்களும் அந்த மாதங்களில்தான் ஓய்வு விடுகிறார்கள். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மே மாதத்தை வைத்து ஒரு திரைக்கதையாவது எனக்குப் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று ஆசை.

உடை விஷயத்திலும் இதே கோளாறு. நாயகனுக்கென்று சட்டையைக் கத்தரியால் கிழிக்கிறார்கள். கிழிசல் நேர்கோட்டில் இருக்கிறது. உடுத்தித் தேய்ந்த சட்டை காலர் மடிப்பில் முதலில் நூல் விடும், பிறகு அக்குளில், பிறகு பை ஓரத்தில். பொத்தான் போன இடத்தில் ஊக்கு இருக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்த துணியில் வெள்ளைக் கோடு படியும். இன்னொன்று: அரசு நான்கு ஜோடிச் சீருடை கொடுக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண வீட்டிலும் சீருடைச் சட்டையோடுதான் நிற்கும். அந்த ஒரு சட்டை சொல்லிவிடுவதை ஒன்பது கிழிசல் சொல்லாது. குடிசையைத் தேடி அலைவதும் வேண்டாம். பல பேர் இப்போது காங்கிரீட் வீட்டில்தான் இருக்கிறார்கள். கடன் சுவருக்குள்ளே இருக்கிறது. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவரை 1964 புயலைப் பற்றிய படத்துக்கு விட்டுவிடலாம். பசித்த பிள்ளைக்கும் அந்தச் சுவருக்கும் என்ன சம்பந்தம்?

கேமரா பிடிக்கிற தம்பிகளுக்குச் சில வார்த்தை. பத்து வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முக்காலியை அந்த அளவுக்கு இறக்குங்கள். பெரியவர் தோள் உயரத்திலிருந்து கீழே பார்த்தால், என்ன செய்தாலும் பிள்ளை பரிதாபப் பொருளாகவே தெரியும். நம் வெள்ளை மணலும் மத்தியான வெயிலும் கருத்த முகத்துக்குப் பகை. கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது மணலைக் கணக்கில் எடுத்து முகத்தை இருட்டாக்கும். பிறகு கணினியில் மஞ்சளைக் கூட்டி 'வறுமை நிறம்' என்று பெயர் வைக்கிறார்கள். முகத்தில் விழும் வெளிச்சத்துக்கு அளவெடுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50, அப்பெர்ச்சர் எஃப்/4 வைக்க வேண்டுமானால் ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 32 ஃபில்டர் வேண்டும். மணல் பளபளப்பில் என்டி 64 கையில் இருப்பது நல்லது. காலை ஏழரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் எடுத்தால் இந்தக் கஷ்டமே இல்லை. கடற்காற்றில் லென்ஸ் கழற்றி மாற்றாதீர்கள். முக்காலியின் கால் பூட்டுகளை அன்றன்று நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் இரண்டே நாளில் உப்பும் மணலும் சேர்ந்து இறுகிவிடும்.

ஒலியில்தான் அதிகப் படங்கள் சாகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்கிற மேல்காற்று மைக்குக்குள் இரைந்துகொண்டே இருக்கும். நுரை உறை மட்டும் போதாது, மேலே ரோம உறை வேண்டும். சட்டைக்குள் வைக்கும் சின்ன மைக்கைத் துணி உரசாமல் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பிள்ளையின் குரலைச் சென்னையில் வளர்ந்த ஒருவரை வைத்து டப்பிங் செய்தால் படமே போயிற்று. வழி எளிது: காட்சி முடிந்ததும் அதே இடத்தில், கேமரா இல்லாமல், காற்றுக்கு மறைவாக ஒரு சுவரோரம் உட்கார வைத்து அதே பேச்சை இரண்டு முறை பதிவு செய்துகொள்ளுங்கள். கூடவே அந்த இடத்தின் வெறும் இரைச்சல் ஒரு நிமிடம். பேச்சும் ஊர்ப்படி இருக்கட்டும். கீழக்கரைப் பிள்ளை அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும்தான் கூப்பிடும். அதன் வாயில் 'பாய்' என்று வைத்துவிட்டு உருக்கமான வசனம் எழுதிப் பயனில்லை.

அழுகைக் காட்சிக்காகப் பிள்ளையைத் திட்டுவதும், கண்ணில் எதையாவது தடவுவதும், "அம்மா செத்துட்டான்னு நினைச்சுக்கோ" என்பதும் இன்னும் நடக்கின்றன. இது தவறு என்பதோடு, படத்துக்கும் கெடுதல். மிரண்ட பிள்ளையின் பார்வை கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளின் மேலேயே இருக்கும். திரையில் அது அப்பட்டமாகத் தெரியும். ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்டமி 1970-இல் எடுத்த முதல் குறும்படம் பத்து நிமிடம்தான்: ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன், சந்தில் வழிமறிக்கும் நாய். அழுகை வாங்கும் உத்தி எதுவும் அதில் இல்லை. சின்னப் பிள்ளைக்கு அந்த நாயே பெரிய சிக்கல்தான். கரைவலைக் கயிற்றடியில் கிடைத்த மீனை, பருந்துக்கும் காக்கைக்கும் தப்பவைத்து வீடு சேர்க்கும் ஒரு பையன் போதும், பத்து நிமிடத்துக்கு.

கொலம்பியாவின் லூயிஸ் ஒஸ்பினாவும் கார்லோஸ் மயோலோவும் 1977-இல் எடுத்த குறும்படமொன்றில், ஜெர்மன் தொலைக்காட்சிக்காக வறுமையைப் படம்பிடிக்க வந்த குழு தெருப்பிள்ளைகளை நீரூற்றுக்குள் காசு எடுக்கக் குதிக்க வைக்கும். ஏழ்மையை விற்பவர்களைத் தோலுரிப்பதற்கென்றே எடுத்த படம் அது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு நாணயத்தை விட்டெறிந்து, முங்கி எழும் முகத்தைப் படமெடுப்பவர்கள் அந்தப் படத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். யூடியூப் முகப்புப் படத்தில் போட்ட அழுகை முகம், அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் கூடவே போகும்.

உதவி கொடுக்கும் முன் காகிதங்களைக் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, பிள்ளைகளை நடிக்க வைக்கும் எந்தப் படத்துக்கும் மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும். "குறும்படம்தானே அண்ணே, யாருக்கும் சம்பளமே இல்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். கேமராமேனின் வாடகைக்குப் பணம் இருக்கிறதென்றால் பிள்ளைக்கும் இருக்க வேண்டும். நிஜமான காப்பகக் குழந்தைகளை, வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தைகளை முகம் காட்டிப் படமெடுப்பதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ட்ரோன் ஆசையையும் விசாரியுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதியில்லாமல் காலெடுத்து வைக்க முடியாது.

கடைசியாக ஒரு நிபந்தனையைச் சங்கம் எழுத்தில் வைக்கலாம். வெட்டி முடித்த படத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன், நடித்த பிள்ளையும் வீட்டாரும் பார்க்க வேண்டும். எந்தக் காட்சி வேண்டாம் என்று அவர்கள் சொல்கிறார்களோ அதை நீக்க வேண்டும். நம் பள்ளி மண்டபத்தில், பாசிக்குப் போகாத வாரமாகப் பார்த்து, விசைப்படகுகள் கரையில் நிற்கிற ஒரு நாள் சாயங்காலம் வைத்தால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே வர முடியும். ஓட்டுவதற்கு வேண்டிய புரொஜெக்டரையும் திரையையும் இந்த ஆண்டே வாங்கிக் கொடுத்துவிடலாம்.