வெள்ளையணு குறைந்தால் டாக்டருக்குச் சந்தோஷம்

மகனுக்குச் சிக்கிள் செல் நோய்; சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும். வலி தாங்காமல் அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்ததால், ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது 'புற்றுநோய் மருந்து' என்ற வரி. பயம் வராமல் என்ன செய்யும்?

அடுத்த முறை அதையே கேட்டேன். ஒரு தாளில் வரைந்து காட்டினார். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கரு ஹீமோகுளோபின் என்று தனி வகை உண்டு. பிறந்த பிறகு, பிசிஎல்11ஏ என்ற மரபணு அந்த வகையின் உற்பத்தியை அடக்கிவிட, பெரியவர்களுக்கான வகை அந்த இடத்தைப் பிடிக்கிறது. என் மகனுக்குக் கோளாறு இந்தப் பெரியவர் வகையில்தான். பிறந்த புதிதில் இந்த நோய் தலைகாட்டாததன் காரணமும் இதுவே. 1948-லேயே ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அடங்கிப்போன கரு வகையை இந்த மருந்து ஓரளவு திரும்பக் கொண்டுவருகிறது. சரி, ஆரம்பிக்கலாம் என்றேன்.

கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் தினமும் ஒரு வேளை. மருந்து வாங்கித் தருவது சுலபம். அதன் பின்னால் ஓடும் ரத்தப் பரிசோதனைகள்தான் வேலை. அளவு கூட்டும் காலத்தில் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகை இறங்கியிருந்ததும் எனக்குக் கை நடுங்கியது. டாக்டரோ, "நல்லா இறங்குது, இன்னும் கொஞ்சம் இறங்கணும்" என்றார்! ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2,000-லிருந்து 4,000-க்குள் வர வேண்டுமாம். வராவிட்டால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்தைக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கூட்டுவார்கள். ரொம்ப இறங்கினால் சில நாள் நிறுத்திவைப்பார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி அடைப்புக்குத் துணைபோவதில் இந்த வெள்ளையணுக்களுக்கும் பங்குண்டு. அதனால் அவை குறைவதே ஒரு லாபம்.

எம்சிவி என்று இன்னொரு வரி இருக்கும், சிவப்பணுவின் அளவைச் சொல்வது. மருந்து ஒழுங்காக உள்ளே போனால் அது ஏறும். நாம் வேளை தவறினால் காட்டிக்கொடுத்துவிடும், டாக்டரிடம் கதை விட முடியாது.

பலன் உடனே தெரியாது. சில மாதங்கள் ஆகும். 'ஒன்றும் மாறவில்லையே' என்று பலர் நிறுத்திவிடுவது இந்த இடைவெளியில்தான். எங்களுக்கும் வலி மெல்லத்தான் குறைந்தது. அப்புறம், மருந்து இருக்கும் கேப்ஸ்யூலைத் திறக்கக்கூடாது, கையுறை போட்டே எடுக்க வேண்டும். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நோய்க்குக் கேஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்ததிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லாம் செய்தியை அனுப்பி "இதைப் பார்த்தீர்களா?" என்கிறார்கள். அது குறிவைப்பதும் அதே பிசிஎல்11ஏவைத்தான். ஆனால் அதற்கு முன் கடுமையான கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலியாக்க வேண்டும்; அப்போது தந்த அனுமதியும் 12 வயது நிரம்பியவர்களுக்குத்தான். இவனுக்கு இன்னும் அந்த வயதாகவில்லை.

இப்போது பரிசோதனை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பிள்ளை வளர வளர எடைக்கேற்ப அளவும் மாற வேண்டும், அதை மட்டும் யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். போன முறை எடையைச் சொல்லி நானாகத்தான் கேட்டேன். கணக்குப் போட்டுக் கூட்டி எழுதினார்கள்.