தூணில் உரசிய கதவும், நான் போடாமல் விட்ட கிளைமும்

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது காரின் இடதுபக்கப் பின்கதவும் அதை ஒட்டிய பேனலும் தூணில் உரசிவிட்டன. பம்பர் ஒரு ஓரம் கழன்று தொங்கியது. நாலரை வருடமாக ஒரு கீறல் விழாமல் வைத்திருந்த வண்டி, இறங்கித் தடவிப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் டிங்கரிங் 3,500, பெயிண்டிங் 9,000, ஜிஎஸ்டி சேர்த்து 14,750 என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். "இன்ஷூரன்ஸ் கிளைம் போட்டுடலாம் மேடம், உங்க கையிலேருந்து ஆயிரம் ரூபாதான் போகும்" என்றார் அங்கிருந்தவர். ஃபார்மை நிரப்பவே ஆரம்பித்துவிட்டேன். எதற்கும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போன் போட்டால், "பாலிசிய ஒருதடவ பாத்துட்டு கையெழுத்துப் போடு" என்றார். சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் அந்த ஆயிரம். 1500 சிசி வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் நாம் கட்டியே ஆகவேண்டிய தொகை அது, அதற்கு மேல் என்றால் 2,000. ஆனால் என் பாலிசியில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆன், அதாவது கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைக்கும் வசதி) இல்லை, பிரீமியம் ஏறுகிறதே என்று போன தடவை அதை நீக்கிவிட்டிருந்தேன். அது இல்லாவிட்டால் பெயிண்டிங் பில்லில் கால்பங்கைப் பெயிண்ட் செலவாக வைத்து, அதில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். எனக்கு அது ஜிஎஸ்டியோடு 1,300 ரூபாய்க்கு மேல் வந்தது. ஆக கிளைம் போட்டால் கிடைப்பது 12,400 சொச்சம்.

அடுத்தது நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிச் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில், தள்ளுபடி ஏறும். (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பகுதிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, நான் கட்டும் 3,416 கிளைம் போட்டாலும் போடாவிட்டாலும் அதேதான்.) நான் 45இல் இருந்தேன், அடுத்த ரினியூவலில் 50. ஒரே ஒரு கிளைம் போட்டால் பரமபதத்தில் பாம்பு கொத்தின மாதிரி நேராகப் பூஜ்யம், திரும்ப 20இலிருந்து ஏறி வரவேண்டும்.

நிறைய பேர் இங்கேதான் அடுத்த வருடக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். தள்ளுபடிக்கு முன் என் ஓன் டேமேஜ் பிரீமியம் சுமார் 9,000. முதல் வருடம் 4,500 போகும், சரி. அப்புறம் 2,700, 2,250, 1,350, 450. கூட்டினால் 11,250, ஜிஎஸ்டியோடு 13,275. வண்டி பழசாக ஆக மதிப்பு இறங்கி இதுவும் கொஞ்சம் குறையும், இருந்தாலும் வருவதும் போவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதற்காகச் சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்வரை வண்டியை அங்கே போட்டுவிட்டு அலைய வேண்டுமா?

அப்போதுகூட என் மனசு அந்த 14,750இலேயே நின்றது. பக்கத்துத் தெருவில் ஒரு டிங்கர் அண்ணன் இருக்கிறார், அவரிடம் காட்டலாமே என்று வண்டியை எடுத்துப் போனேன். ஒரு துணியில் பாலிஷ் போடும் காம்பவுண்டைத் தொட்டுப் பம்பரில் தேய்த்தார். மஞ்சளும் கறுப்புமாகத் துணியில் வந்தது, அடியில் எங்கள் வண்டியின் வெள்ளை அப்படியே இருக்கிறது! "இதுல பாதி உங்க தூண் பெயிண்ட்டும்மா" என்றார். பிறகு கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிக் காட்டினார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷிலேயே போய்விடும், மாட்டினால்தான் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். கதவிலும் பேனலிலும் மாட்டியது. பம்பருக்கு இரண்டு கிளிப் போதும். மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார், மொத்தம் 5,800.

கிளைமே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் வண்டியில் சீட் வரை தண்ணீர் ஏறியது, அதற்குக் கிளைம் போடாமல் எப்படி? அந்த வருடம் போனஸ் எப்படியும் போய்விட்டது என்பதால், சில மாதம் கழித்து அதே பாலிசிக் காலத்தில் ஒரு பைக் இடித்து முன்பம்பர் உடைந்தபோது அதற்கும் போட்டார். அவர் நிலைமையில் நானும் போட்டிருப்பேன். போனஸ் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் வைத்திருப்பவர்கள் கணக்கும் வேறு. என்ன செய்வதாக இருந்தாலும் இரண்டு நாளுக்குள் முடிவெடுங்கள், தாமதமாகச் சொன்னால் அதையே காரணம் காட்டி இழுப்பார்கள்.

நவம்பரில் ரினியூவல் வந்தது, 50 சதவீதத்தோடு. கையில் நின்ற காசில் ஜீரோ டெப்பைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.