எலுமிச்சைப் புல்லுக்கு ஜிப்ரலிக் அமிலம்: முதல் அறுப்பு

ஜூனில் தேவனாம்பட்டினம் வீட்டுக் கொல்லையில் ஊன்றிய பன்னிரண்டு தூரையும் ஒருவழியாக அறுத்தாயிற்று. எல்லாம் எலுமிச்சைப் புல். மருந்து என்பது ஜிப்ரலிக் அமிலம், செடியை நீளவைக்கும் வளர்ச்சி ஹார்மோன். நாலு தூருக்கு மருந்து கிடையாது, நாலுக்கு 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்), நாலுக்கு 100.

கலக்கும்போதே சொதப்பல். ஒரு கிராம் பொட்டலத்தை நேரே தண்ணீரில் கொட்டினேன். மாவு மிதந்து வாளி ஓரத்தில் அப்பிக்கொண்டது. இதை முதலில் ஆல்கஹாலில் கரைக்கவேண்டும். "பக்கத்துலயே புதுச்சேரிய வச்சுக்கிட்டு உனக்கு இதுக்குப் பஞ்சமாடா?" என்றான் நண்பன். மெடிக்கலில் வாங்கிய சர்ஜிகல் ஸ்பிரிட்டே போதும்.

என் சமையலறைத் தராசு 100 மில்லிகிராமைக் காட்டாது. அதனால் அடுத்த பொட்டலம் முழுவதையும் 100 மில்லி ஸ்பிரிட்டில் கரைத்து வைத்துக்கொண்டேன். அதில் 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டால் 100 பிபிஎம், 5 மில்லி விட்டால் 50. மருந்தில்லாத தூர்களுக்கும் 10 மில்லி வெறும் ஸ்பிரிட் கலந்த தண்ணீர்தான் அடித்தேன். 50-க்குக் குறைந்த 5 மில்லியை வெறும் ஸ்பிரிட்டால் நிரப்பினேன். இல்லாவிட்டால் மாற்றம் மருந்தாலா ஸ்பிரிட்டாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இலையில் ஒட்ட, லிட்டருக்கு இரண்டு சொட்டு ஷாம்பு. முதல் தடவை அடித்த அன்று ராத்திரியே மழை. மறுபடி அடித்தேன்.

"புல்லுக்குப் போய் டானிக்கா?" என்று ஆயா சிரித்தார். 100 பிபிஎம் வரிசை இடுப்புக்கு மேலே எழும்பியதும் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அந்த வரிசை வெளிறி, மெலிந்து, கடற்காற்றுக்குச் சாய்ந்துவிட்டது. 1926-இல் ஜப்பானிய விஞ்ஞானி குரோசாவா இந்தப் பொருளின் தடத்தைப் பிடித்ததே, பூஞ்சை தாக்கிக் கிடுகிடுவென வளர்ந்து சாயும் நெல் நாற்றிலிருந்துதான். நான் காசு கொடுத்து அதே நோயை வரவழைத்திருக்கிறேன்!

பச்சை எடை: மருந்தில்லாதது 1.9 கிலோ, 50-இல் 2.3, 100-இல் 2.5. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடுத்து, ஒரு ராத்திரி நிழலில் வாடவிட்டு, நறுக்கி, பெரிய குக்கரில் ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாயை மாட்டி வடித்தேன். (வெயிட் வால்வு இருந்த இடத்தில்தான் குழாய், அது அடைத்துக்கொண்டால் ஆபத்து, பக்கத்திலேயே நிற்கவேண்டும்.) கிடைத்த எண்ணெய் முறையே 3.5, 3.4, 2.8 மில்லி. மொத்த அறுப்புக்குக் கணக்குப் போட்டால் 50 பிபிஎம் ஏறக்குறைய ஒரு மில்லி முன்னால் நிற்கிறது. 100-இல் புல்தான் கூடியது. நாலு தூரை வைத்து இதற்குமேல் அடித்துச் சொல்லமாட்டேன்.

மறுதாம்புக்கு (அறுத்த தூரிலிருந்து மறுபடி துளிர்ப்பது) 25-உம் 50-உம் போடப்போகிறேன். வடித்து மிஞ்சிய வாசனைத் தண்ணீரில் ஆயா தரை துடைத்தார். இரண்டு நாளாகக் கொசுவே இல்லை என்கிறார். என்னை மட்டும் கடிக்கிறது.